போலீஸ் துப்பாக்கிச் சூடு: தோட்டப்புறத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 நவம்பர் 24 அதிகாலை மலாக்கா டுரியான் துங்காலில், செம்பனைத் தோட்டப் பகுதியில் மூன்று இந்திய இளைஞர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை கோப்பிக் கடைகளில் வேறு பேச்சு இல்லை. பத்து ஆராங் நமக்குப் பக்கத்து ஊர், 2020-ல் அங்கே மூவரைப் போலீஸ் சுட்டதும் யாருக்கும் மறக்கவில்லை. கோவில் மண்டபத்திலும் துக்க வீடுகளிலும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். இது பொது விளக்கம் மட்டுமே. உங்கள் வீட்டு வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

போலீஸ் எப்ப சுடலாம்? சட்டத்துல அப்படி எங்கயாவது எழுதியிருக்கா?

"இன்னின்ன நேரத்தில் சுடலாம்" என்று பட்டியல் போட்ட தனிச் சட்டம் மலேசியாவில் கிடையாது. இரண்டு இடங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று, குற்றவியல் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான தற்காப்புப் பிரிவுகள். இவை போலீசுக்கும் நமக்கும் பொது. தன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, அல்லது கொடுங்காயம் விழும் என்று நியாயமாக அஞ்சும் நிலை இருந்தால், எதிராளியின் உயிர் போகும் அளவுக்குத் தற்காத்துக்கொள்ள 100-வது பிரிவு இடம் தருகிறது. அந்த உரிமைக்கு 99-வது பிரிவு வேலி போடுகிறது: தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டித் தீங்கு செய்யக்கூடாது.

இன்னொன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 15-வது பிரிவு. கைது செய்யப்படுபவர் முரண்டு பிடித்தாலோ தப்பிக்கப் பார்த்தாலோ, பிடிப்பதற்குத் தேவையான எல்லா வழிகளையும் போலீஸ் கையாளலாம் என்கிறது. இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடுகிறவர்கள் அதிகம். அதற்கு அடுத்த உட்பிரிவையும் படிக்கச் சொல்லுங்கள். அதைப் பற்றித்தான் அடுத்த கேள்வி.

இவை போக, போலீஸ் சட்டம் 1967-ன் கீழ் தேசிய போலீஸ் படைத் தலைவர் பிறப்பிக்கும் நிலையாணைகள் உண்டு. துப்பாக்கியை எப்போது எடுப்பது, எப்படிக் கையாள்வது என்பதெல்லாம் அவற்றில்தான் வரும். ஆனால் அவை பொதுமக்கள் வாங்கிப் படிக்கக் கிடைப்பதில்லை. விதி என்னவென்று தெரியாமல் விதி மீறப்பட்டதா என்று எப்படிக் கேட்பது? இந்த விவாதம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நிற்பதற்கு இது பெரிய காரணம்.

ஓடறவன முதுகுல சுடலாமா?

வெறுமனே ஓடுகிறான் என்பதற்காக முடியாது. 15-வது பிரிவின் 3-வது உட்பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: தூக்குத் தண்டனை, ஆயுள் தண்டனை போன்ற மிகக் கடுமையான தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் பறிக்க இந்தப் பிரிவு உரிமை தரவில்லை. மோட்டார் திருட்டு, வழிப்பறி, வீடு புகுந்து திருடுதல் எல்லாம் அந்த வரிசையில் வராது. கடுங்குற்றமாகவே இருந்தாலும், பிடிக்க வேறு வழி இருந்ததா என்ற கேள்வி போகாது. சட்டம் சொல்வது "தேவையான வழிகள்".

ஓடுகிறவன் திரும்பிச் சுட்டால் கதை வேறு. அப்போது அது கைது விவகாரம் இல்லை, முதல் பதிலில் சொன்ன தற்காப்பு விவகாரம். அதனால்தான் காயம் முன்னாலா பின்னாலா என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

காலுல சுட்டா பத்தாதா? ஏன் நெஞ்சுலயே சுடறாங்க?

இந்த ஒரு விஷயத்தில் பொதுமக்கள் எதிர்பார்ப்புக்கும் நடைமுறைக்கும் இடைவெளி பெரிது. பல நாடுகளின் போலீஸ் பயிற்சியில் உடலின் நடுப்பகுதியைக் குறிவைக்கத்தான் சொல்லித் தருகிறார்கள். கைத்துப்பாக்கியால், ஓடும் ஆளின் காலை, இருட்டில், கை நடுங்கும் நேரத்தில் குறிபார்த்து அடிப்பது நடக்காத காரியம். தவறிய தோட்டா தார் ரோட்டில் பட்டுத் தெறித்து வேறு யார் மீதாவது பாயும். காலில் பட்டாலும் பிழைப்பான் என்று உறுதியில்லை. தொடையில் ஓடும் பெரிய ரத்தக் குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் ஆள் போய்விடுவான்.

ஆகவே "ஏன் காலில் சுடவில்லை" என்று கேட்டால் போலீஸ் தரப்பு சுலபமாகப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடும். கேட்க வேண்டியது "சுட வேண்டிய நிலை இருந்ததா?" என்பது. கார் டயரைச் சுடுவதற்கும் இதே கணக்குதான். 2010 ஏப்ரல் 26-ல் ஷா ஆலமில் 14 வயது மாணவன் ஒருவன் ஓட்டிச் சென்ற காரைத் துரத்திச் சுட்டதில் அவன் இறந்தான். டயரைத்தான் குறிவைத்தேன் என்பது அந்தப் போலீஸ்காரர் தரப்பின் வாதம்.

பாராங்கோட பாஞ்சு வந்தா போலீஸ் என்ன பண்ணும்? அவங்களுக்கும் குடும்பம் இருக்குல்ல?

இருக்கிறது. அதை மறுக்கிறவர் இந்த விவாதத்தில் கலந்துகொள்ள வேண்டாம். பாராங் வெட்டுக்கத்தி நம் தோட்டங்களில் வீட்டுக்கு ஒன்று இருக்கும், அது கையையும் கழுத்தையும் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1980-களில் அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டுல்லர் செய்து காட்டிய கணக்கு ஒன்று உண்டு: கத்தியோடு பாய்கிறவர் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவார். உறையில் இருக்கும் துப்பாக்கியை உருவிச் சுடுவதற்கும் அவ்வளவு நேரம் ஆகும்.

ஆனால் 21 அடிக்குள் யார் நின்றாலும் சுடலாம் என்பது அதன் பொருள் இல்லை. நடுவில் கார் நின்றதா, கதவு மூடியிருந்ததா, போலீஸ் எத்தனை பேர், ஆயுதம் கையில் இருந்ததா சீட்டுக்கு அடியில் கிடந்ததா, முதல் தோட்டாவில் விழுந்தவன் மேல் அடுத்தடுத்த தோட்டாக்கள் ஏன் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். ஒருவன் பாய்ந்தான் என்றால் அது அந்த ஒருவனைச் சுட்டதற்குத்தான் பதில். கூட இருந்த இரண்டாம் ஆளுக்கும் மூன்றாம் ஆளுக்கும் தனித்தனியாகக் காரணம் காட்ட வேண்டும். பத்திரிகைச் செய்தியில் மூவரையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். விசாரணையில் அது செல்லாது.

முதல்ல வானத்தப் பாத்து ஒரு வெடி போடணும்னு ரூல் இல்லையா?

நாடாளுமன்றச் சட்டத்தில் அப்படி வரி இல்லை. வானத்தை நோக்கிச் சுட்ட தோட்டாவும் எங்காவது இறங்கத்தான் வேண்டும், அதனால் பல நாடுகளில் எச்சரிக்கை வெடிக்கே தடை உண்டு. வாய் எச்சரிக்கை வேறு விஷயம். 1990-ல் ஹவானாவில் ஐக்கிய நாட்டு மாநாடு ஏற்றுக்கொண்ட துப்பாக்கிப் பயன்பாட்டுக் கோட்பாடுகளில், தன்னைப் போலீஸ் என்று அடையாளம் காட்டி, தெளிவாக எச்சரித்து, எதிராளி அதைக் கேட்டு நடக்க நேரமும் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அப்படிச் செய்தால் ஆபத்து வரும் என்றாலோ, அந்தச் சூழலில் அதனால் பயனில்லை என்றாலோ மட்டும் விலக்கு. இது நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் இல்லை, ஆனாலும் அளவுகோலாக எடுத்துக் காட்டலாம். சாதாரண உடுப்பில், அடையாளம் இல்லாத காரில் வந்து இருட்டில் மறித்தால், வந்தது போலீசா கொள்ளைக்காரனா என்று யாருக்குத் தெரியும்?

கொள்ளைக்காரன் செத்தா உங்களுக்கென்ன? பழைய கேஸ் இருபது இருக்காமே?

சங்கிலி அறுபட்டு விழுந்து இடுப்பொடிந்த பாட்டிகள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் இந்தக் கேள்வி வருவது நியாயம். குண்டர் கும்பல் பயத்தில் வாழ்கிற ஊர் "நல்லாச் சுடட்டும்" என்று சொல்வது கொடூரத்தால் வருவதில்லை, வேறு எதுவும் வேலை செய்யவில்லை என்ற களைப்பால் வருகிறது.

ஆனால் பழைய குற்றப் பதிவு இந்தக் கேள்விக்கு விடையே இல்லை. பதிவு எத்தனை இருந்தாலும், அந்த வினாடியில் அவன் யார் உயிருக்காவது ஆபத்தாக இருந்தானா என்பதுதான் சட்டம் கேட்பது. அரசியலமைப்பின் 5-வது விதி, சட்டப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் பறிக்கக்கூடாது என்கிறது, "நல்லவர்களின் உயிரை" என்று சொல்லவில்லை. கொள்ளைக்குத் தண்டனை கொடுக்க நீதிபதி இருக்கிறார். நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு: செத்தவன் வாய் திறக்க மாட்டான். திருட்டு நகையை வாங்குகிற கடை, கும்பலுக்குப் பணம் போடுகிறவன் எல்லாரும் அவனோடு சேர்ந்து தப்பித்துவிடுகிறார்கள்.

இந்தச் சாய்வு மேலிருந்தும் வந்திருக்கிறது. 2013 ஆகஸ்ட் 19-ல் பினாங்கு சுங்கை நிபோங்கில் ஐந்து இந்தியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில், ஆதாரம் இருந்தால் எச்சரிக்கை தேவையில்லை, முதலில் சுட வேண்டும் என்ற பொருளில் அன்றைய உள்துறை அமைச்சர் மலாக்காவில் பேசினார். பெரிய கண்டனம் எழுந்தது. கைதட்டலும் எழுந்தது.

எப்பப் பாத்தாலும் நம்ம பசங்கதான் சாகறாங்க. வேணும்னே பண்றாங்களா?

வேண்டுமென்றே என்று நிரூபிக்க ஆதாரம் வேண்டும், கோபம் போதாது. ஆனால் மக்கள்தொகையில் ஏறக்குறைய 7 விழுக்காடு இருக்கும் சமூகம் இந்தச் செய்திகளில் இவ்வளவு அடிக்கடி வருவதைப் பார்த்து எதுவும் கேட்கக்கூடாது என்று சொல்லவும் முடியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையும் வீடும் போய், பட்டண ஓரத்துப் பலகை வீடுகளுக்கும் மலிவு வீடமைப்புகளுக்கும் குடும்பங்கள் தள்ளப்பட்டன. கும்பல்கள் ஆள் பிடிப்பதும் அங்கே, போலீஸ் வலை போடுவதும் அங்கே. "இந்தியப் பையன், கறுப்பு உடை, இரவு நேரம்" என்றாலே சந்தேகம் என்றாகிவிட்டது.

தோட்டக்காரர்களின் அச்சம் பழையதும்கூட. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தை அடக்க வெள்ளையர் அரசு பட்டாளத்தை இறக்கியது, தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். உரிமை கேட்டவர்களைச் சுட்டதையும் கொள்ளைச் சந்தேக நபர்களைச் சுடுவதையும் ஒன்றாக்கக்கூடாது. ஆனால் துப்பாக்கி பிடித்தவர் சொல்வதை அப்படியே நம்பும் பழக்கம் இந்த லயங்களில் ஏன் இல்லை என்பது இதிலிருந்து புரியும்.

செய்தியில "307-ன் கீழ் விசாரணை"னு போடறாங்களே, அது யார் மேல கேஸ்?

செத்தவர் மேல்! குற்றவியல் சட்டத்தின் 307 என்பது கொலை முயற்சி. போலீசைக் கொல்ல முயன்றார்கள் என்ற அடிப்படையில் கோப்பு திறக்கப்படுகிறது. துப்பாக்கிச் சூடு நடந்தாலே பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. இதனால் சுட்டவர் பாதிக்கப்பட்டவராகவும், இறந்தவர் குற்றவாளியாகவும் கோப்பின் முதல் பக்கத்திலேயே பதிவாகிவிடுகிறார்கள்.

ஆனால் அது கல்லில் எழுதியது இல்லை. டுரியான் துங்கால் விவகாரத்தில், சம்பவ நேரத்தில் தொலைபேசியில் பதிவானதாகச் சொல்லப்படும் ஒலிப்பதிவைக் குடும்பத் தரப்பு வெளியிட்டது. 2025 டிசம்பரில் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் அதை 302-ன் கீழ், அதாவது கொலையாக, விசாரிக்கச் சொன்னது. வகைப்பாடு மாறியதால் மட்டும் யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. விசாரணையின் திசை மாறுகிறது, அவ்வளவுதான்.

குடும்பம் செய்ய வேண்டியது: போலீஸ் போட்ட புகாரோடு நிறுத்திக்கொள்ளாமல், மரணம் குறித்துத் தங்கள் தரப்பில் தனிப் புகார் கொடுப்பது. எந்தப் போலீஸ் நிலையத்திலும் கொடுக்கலாம், சம்பவம் நடந்த மாவட்டத்திலேயே கொடுக்க வேண்டும் என்பதில்லை. எழுத்தர் சுருக்கி எழுதினால் கையெழுத்துப் போடாமல் திருத்தச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு போன் வந்தா முதல்ல என்ன பண்ணணும்?

எந்த மாவட்டத் தலைமையகம், விசாரணை அதிகாரியின் பெயர், கைப்பேசி எண், புகார் எண், உடல் எந்த மருத்துவமனை. இந்த ஐந்தையும் தாளில் எழுதுங்கள். நம் பக்கத்து உடல்கள் கிள்ளானுக்கோ சுங்கை பூலோவுக்கோ போகலாம், போன் செய்து உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். பத்துப் பேர் போவதைவிட இரண்டு பேர் போவது நல்லது: நெருங்கிய உறவினர் ஒருவர், மலாய் நன்றாகப் படித்துப் புரிந்துகொள்ளும் ஒருவர். அடையாளம் காட்டும் தாளில் கையெழுத்துப் போடும் முன் படிக்கச் சொல்லுங்கள்.

அதே நாளில் வழக்கறிஞரைத் தேடுங்கள். பணம் இல்லையென்றால் மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் தீபகற்ப மலேசியா முழுக்க உண்டு. கூடவே, சம்பவ இடத்துக்குப் பக்கத்தில் எங்கெல்லாம் கேமரா இருக்கிறது என்று ஆள் அனுப்பிப் பாருங்கள்: எண்ணெய் நிலையம், மளிகைக் கடை, தோட்டக் காவல் சாவடி, பழக் குலை லாரிகளின் டேஷ்கேம். சின்னக் கடைகளின் கேமராவில் இடம் நிறைந்ததும் பழைய படம் அழிந்து புதியது ஏறிவிடும். சில இடங்களில் ஒரு வாரம்கூடத் தாங்காது. தோட்டத்து மண் சாலையில் கேமரா இருக்காது, ஆனால் விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) கிளம்பியவர்கள் சத்தம் கேட்டிருப்பார்கள். எத்தனை வெடி, விட்டு விட்டா தொடர்ச்சியாகவா, மணி என்ன என்று மறப்பதற்குள் கேட்டு எழுதி வையுங்கள்.

உடம்ப எப்ப எரிக்கலாம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நம் வழக்கம், உடல் வந்த அன்றைக்கே தகனம். எரித்துவிட்டால் காயத்தின் கதை முடிந்தது, யாராலும் எதையும் திரும்பப் பார்க்க முடியாது. புதைத்த உடலை மரண விசாரணை நீதிமன்றம் தோண்டியெடுத்துப் பார்க்க உத்தரவிடலாம். சாம்பலுக்கு உத்தரவு போட முடியாது.

ஆகவே முதல் பிரேதப் பரிசோதனை முடிந்ததும் வழக்கறிஞரிடம் கேளுங்கள்: இரண்டாவது பரிசோதனை தேவையா? தேவையென்றால் உடலைப் பிணவறையிலேயே வைத்திருக்கும்படி மருத்துவமனைக்கும் விசாரணை அதிகாரிக்கும் எழுத்தில் கொடுங்கள். 2009-ல் போலீஸ் காவலில் இறந்த குகன் வழக்கில், இரண்டாவது பரிசோதனைதான் முதல் அறிக்கையைக் கேள்விக்குள்ளாக்கியது. தகனம்தான் குலவழக்கம் என்று பெரியவர்கள் அழுத்தினால், பூசாரியை வைத்தே பேசுங்கள். விபத்திலும் அகாலத்திலும் போனவர்களைப் புதைக்கிற வழக்கம் நம்மிலும் பல குடும்பங்களில் உண்டு.

உடலைப் பெறும்போது குளிப்பாட்டும் முன் எல்லாக் காயங்களையும் படம் எடுங்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்து, முன்னும் பின்னும், கைகளும் மணிக்கட்டும் தெரியும்படி. உடைகள் பெரும்பாலும் போலீஸ் வசம் இருக்கும். உங்கள் கைக்கு வந்தால் துவைக்காதீர்கள், பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். உலர்த்திக் காகிதப் பையில் வையுங்கள்.

பரிசோதனை ரிப்போர்ட்ல அப்படி என்னதான் தெரியும்?

நிறைய. தோட்டா நுழைந்த துளை சின்னதாக, விளிம்பு சிராய்த்து இருக்கும். வெளியேறிய துளை பெரும்பாலும் கிழிந்து ஒழுங்கில்லாமல் இருக்கும். துப்பாக்கி முனை தோலைத் தொட்டபடி சுட்டால் காயத்துக்குள் புகைக்கரி படியும். ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் என்றால் எரியாத மருந்துத் துகள் தோலில் புள்ளி புள்ளியாகப் பச்சை குத்தினாற்போல் பதியும். அதற்கு மேல் துளை மட்டும்தான். உடை நடுவில் இருந்தால் இந்தத் தடயம் தோலில் இல்லாமல் துணியில் இருக்கும். உடையைப் பற்றி மேலே அவ்வளவு சொன்னது அதனால்தான்.

தோட்டா போன பாதையின் சாய்வும் பேசும். நின்று பாய்ந்தவனுக்கும், மண்டியிட்டவனுக்கும், காருக்குள் உட்கார்ந்திருந்தவனுக்கும் கோணம் வேறு வேறு. இதெல்லாம் போலீஸ் சொல்வதைப் பொய்யாக்கவும் செய்யும், உண்மை என்று உறுதிப்படுத்தவும் செய்யும். முழு அறிக்கை வர வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். முதல் நாள் கிடைக்கும் தாளில் இறப்புக்கான காரணம் ஒரு வரிதான் இருக்கும். அதையே அறிக்கை என்று நினைத்து ஏமாறாதீர்கள், நெருங்கிய உறவினர் என்ற முறையில் முழு அறிக்கைக்கு விண்ணப்பியுங்கள்.

என் போன்ல ஆடியோ இருக்கு. வாட்சாப்ல போட்டுடலாமா?

வேண்டாம். வாட்ஸ்அப்பில் போகும்போது கோப்பு சுருங்கும், எப்போது எந்தக் கருவியில் பதிவானது என்ற விவரமும் போய்விடலாம். மூலப் பதிவு இருக்கும் கைப்பேசிதான் ஆதாரம். அதை ரீசெட் செய்யாமல், விற்காமல், புது போனுக்கு மாற்றாமல் வழக்கறிஞர் முன்னிலையில் நகல் எடுங்கள். கணினிப் பதிவுகளை நீதிமன்றம் ஏற்க ஆதாரச் சட்டம் 1950-ன் 90ஏ பிரிவின்படி சான்று தேவைப்படலாம். போலீஸ் கைப்பேசியைக் கேட்டால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

இன்னொரு ஆபத்து, தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-வது பிரிவு. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 500,000 வெள்ளி (ரிங்கிட்) வரை, சிறை 2 ஆண்டு வரை. நடந்ததைப் பகிர்வது குற்றமில்லை. சுட்டவர் என்று ஊகித்து ஒருவரின் படத்தைப் போடுவது, பழைய வெளிநாட்டு வீடியோவை இதுதான் அது என்று அனுப்புவது இவையெல்லாம் வம்பு.

நான் பாத்தேன். சாட்சி சொன்னா என்னையும் புடிச்சு வெச்சுப்பாங்களா?

சாட்சியைச் சாட்சி என்பதற்காக லோக்கப்பில் வைக்கச் சட்டம் இல்லை. நடைமுறைச் சட்டத்தின் 111-வது பிரிவின்படி எழுத்தில் அழைப்பாணை தரலாம், 112-ன் கீழ் வாக்குமூலம் எடுக்கலாம். நீங்கள் பேசிய மொழியில் அதைப் படித்துக் காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து. தமிழில் சொல்வதாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அரைகுறை மலாயில் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். உங்களையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். வழக்கறிஞரோடு போவது நல்லது. மிரட்டல் இருந்தால் சாட்சிப் பாதுகாப்புச் சட்டம் 2009 உண்டு.

மரண விசாரணை தானா நடக்குமா, நாம கேக்கணுமா?

கேட்க வேண்டும். பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334-வது பிரிவின்படி போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால் விசாரணை கட்டாயம். தெருவில், தோட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர் "காவலில்" இருந்தவர் இல்லை என்ற வாதம் வரும். அப்படியானால் திடீர் மரண அறிக்கையைப் பார்த்து, இறப்புக்கான காரணம் தெளிவு, விசாரணை தேவையில்லை என்று முடிக்கவும் வழி இருக்கிறது. அதைத் தடுக்க, விசாரணை நடத்தும்படி உத்தரவிடச் சட்டத்துறைத் தலைவருக்கு 339-வது பிரிவில் அதிகாரம் உண்டு. வழக்கறிஞர் மூலம் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே எழுதுங்கள். கையில் விலங்கு மாட்டிய பிறகு சுட்டார்கள் என்பதற்குத் தடயம் இருந்தால் 334-ஐயும் சேர்த்து வாதாடலாம். மணிக்கட்டைப் படம் எடுக்கச் சொன்னது இதற்காக.

2014 முதல் இதற்கெனத் தனி மரண விசாரணை நீதிமன்றங்கள் செஷன்ஸ் நீதிபதிகளின் கீழ் இயங்குகின்றன. சிலாங்கூருக்கு ஷா ஆலம். குடும்பத்தின் வழக்கறிஞர் அங்கே கலந்துகொண்டு சாட்சிகளிடம் கேள்வி கேட்க அனுமதி பெறலாம்.

மரண விசாரணையில போலீஸ் மேல தப்புன்னு வந்தாலும் ஏன் யாரும் ஜெயிலுக்குப் போகல?

ஏனென்றால் அது குற்ற வழக்கு இல்லை. யார், எப்போது, எங்கே, எப்படி இறந்தார், அதில் எவருக்காவது குற்றத் தொடர்பு உண்டா என்று கண்டறிவதோடு அதன் வேலை முடிகிறது. 2020 செப்டம்பர் 14-ல் பத்து ஆராங்கில் மூவர் சுடப்பட்ட விவகாரத்தில், அதிகார முறைகேடும் குற்றத்தன்மையும் இருந்ததாக 2023-ல் மரண விசாரணை நீதிபதி தீர்ப்புச் சொன்னார். அதன் பிறகு யார் மீதாவது குற்றம் சாட்டுவதா என்பது அரசியலமைப்பின் 145-வது விதிப்படி சட்டத்துறைத் தலைவரின் முடிவு. அவரைக் கட்டாயப்படுத்துவது மிகக் கடினம்.

குற்றம் சாட்டினாலும் எந்தப் பிரிவு என்பதில் சிக்கல் இருக்கிறது. பணியில் இருப்பவர் நல்லெண்ணத்தில் அதிகாரத்தை மீறிக் கொன்றால் அது கொலை ஆகாது, கொலையாகாத மரணம் என்று 300-வது பிரிவில் விதிவிலக்கு உண்டு. அதனால் 302 இறங்கி 304 ஆகிவிடும். மேலே சொன்ன ஷா ஆலம் மாணவர் வழக்கில் 304(ஏ)-யின் கீழ் 2011-ல் செஷன்ஸ் நீதிமன்றம் 5 ஆண்டு சிறை கொடுத்தது. 2012-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது, மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நோக்கத்தை நிரூபிப்பதில்தான் இத்தகைய வழக்குகள் உடைகின்றன.

ஆணையம் இருக்கே, அங்க புகார் பண்ணா நடவடிக்கை எடுக்க மாட்டாங்களா?

2005-ல் போலீஸ் படை பற்றிய அரச விசாரணை ஆணையம் 125 பரிந்துரைகள் செய்தது. அவற்றில் முக்கியமானது, தண்டிக்கும் அதிகாரத்தோடு ஒரு சுயேச்சை ஆணையம். பதினெட்டு ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2023 ஜூலை 1-ல் நடப்புக்கு வந்தது அதைவிட மெலிந்த சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையம். விசாரிக்கலாம், ஆனால் ஒழுங்கு நடவடிக்கை அதன் கையில் இல்லை, போலீஸ் படை ஆணையத்துக்குப் பரிந்துரைக்கத்தான் முடியும். எங்கள் கணிப்பில் இது ஈடு செய்ய முடியாத குறை.

ஆனாலும் புகார் கொடுங்கள். இங்கேயும் மனித உரிமை ஆணையமான சுஹாகாமிலும் பதிவாகும் ஒவ்வொரு தாளும் பின்னால் சிவில் வழக்கில் பயன்படும். சுஹாகாமுக்கு முதலிலேயே போய்விடுங்கள், விஷயம் நீதிமன்றம் ஏறிவிட்டால் அவர்களால் விசாரிக்க முடியாது.

நஷ்டஈடு கேக்கலாமா? எத்தனை நாளைக்குள்ள?

இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள். மரண விசாரணை முடியட்டும் என்று காத்திருந்து காலம் கடந்துவிட்ட குடும்பங்கள் உண்டு. விசாரணை நடக்கும்போதே சிவில் வழக்கைப் பதிவு செய்யத் தடையில்லை.

சிவில் சட்டம் 1956-ன் 7-வது பிரிவு, அவர் சம்பாத்தியத்தை நம்பியிருந்தவர்களுக்கு. சம்பளச் சீட்டு, இபிஎஃப் (சேமநிதி) கணக்கு, மாதாமாதம் அம்மாவுக்குப் போட்ட பணத்தின் வங்கிப் பதிவு எல்லாம் வேண்டும். கையில் கொடுத்தான் என்றால் நிரூபிப்பது கஷ்டம். துயர இழப்பீடு 2019 செப்டம்பரிலிருந்து 30,000 வெள்ளி. 8-வது பிரிவு இறந்தவரின் சொத்துரிமை சார்பானது, அதற்கு நிர்வாகப் பத்திரம் (அவர் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம்) எடுக்க வேண்டும். ஆனால் பாடம் புகட்டும் வகைத் தொகையை இந்தப் பிரிவின் கீழ் கேட்க முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட, தவறு செய்த அதிகாரி இன்னார் என்று அடையாளம் காட்டியாக வேண்டும். சுட்டவர்களின் பெயர் வெளிவராத வழக்கில் இதுவே முதல் முட்டுக்கட்டை, அதை உடைக்கவும் மரண விசாரணை சாட்சியம் உதவும்.

கோவில் மண்டபத்துல கண்டனக் கூட்டம் போட பெர்மிட் வேணுமா?

பெர்மிட் கிடையாது, அறிவிப்பு உண்டு. அமைதிப் பேரணிச் சட்டம் 2012-ன்படி ஐந்து நாள் முன்னதாக மாவட்டப் போலீஸ் தலைவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அறிவிக்காததைக் குற்றமாக்கிய உட்பிரிவு செல்லாது என 2025 ஜூலை 1-ல் கூட்டரசு நீதிமன்றம் தீர்த்தது. இருந்தாலும் அறிவித்துவிடுங்கள், தேவையில்லாத விசாரணை மிச்சம். இறுதி ஊர்வலத்துக்கு அறிவிப்பே வேண்டாம். ஆனால் அதில் பதாகை தூக்கினால் அது ஊர்வலமா பேரணியா என்று சண்டை வரும். கோவில் நிர்வாகத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், பிறகு சங்கப் பதிவகத்துக்குப் பதில் சொல்வது அவர்கள்தான்.

போலீஸ்ல இருக்கற நம்ம பிள்ளைங்க என்ன நெனப்பாங்க?

அவர்களிடமே கேட்டால் தெரியும், பலர் உடுப்புக் கேமராவை விரும்புகிறார்கள். நியாயமாகச் சுட்டவரைக் காப்பாற்றுவதும் அந்தப் படம்தான். கூட்டத்தில் தீர்மானம் போடுவதாக இருந்தால் பொத்தாம்பொதுவாக "நீதி வேண்டும்" என்று எழுதாதீர்கள். துப்பாக்கி நிலையாணையை வெளியிட வேண்டும், போலீஸ் சுட்டு நேரும் எல்லா மரணத்துக்கும் 334 போலக் கட்டாய விசாரணை வேண்டும், சுட்டவர்களின் மாவட்டம் அல்லாத வேறு குழு விசாரிக்க வேண்டும், இரவு நடவடிக்கையில் உடுப்புக் கேமரா ஓட வேண்டும் என்று தனித்தனியாக எழுதுங்கள். மலாயில் ஒரு பிரதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு, ஒன்று உள்துறை அமைச்சுக்கு, ஒன்று சுஹாகாமுக்கு. நேரில் கொடுத்துப் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள்.

குடும்பம் கொடுத்த புகாருக்கு நான்கு வாரம் ஆனதும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவின் கீழ் விசாரணை நிலவரம் கேட்டு நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுதலாம். இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கு எழுதுங்கள், முதல் கடிதத்தின் நகலை இணைத்து.